ஒரே அடுப்பில் ஆறு பேர்

மாசாய்,
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை பேட்ரிசியா எழுதுகிறேன். இங்கே ஆறு பேரும் சளி, இருமல் ஒன்றும் இல்லாமல் நடமாடுகிறோம். உங்கள் முழங்கால் இந்த மழைக்கு எப்படி இருக்கிறது? பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா அக்கா கொடுத்த எண்ணெயைத் தடவுகிறீர்களா, இல்லை போத்தலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று போன தடவையும் கேலி செய்தீர்கள். வேறு வழி சொல்லுங்கள். இந்த அடுக்குமாடி வீட்டில் எந்த மூலையில் நின்று போன் பேசினாலும் ஐந்து பேர் காதில் விழுகிறது. குளியலறைக்குள் போனால் இரண்டாவது நிமிடம் கதவைத் தட்டுகிறார்கள். தொழிற்சாலைக் கேண்டீனில் மத்தியானம் எழுதுகிற இந்தக் கடிதத்தை மட்டும்தான் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரர் மிஸ்டர் லிம் புது வருடம் பிறந்த மறுநாளே வந்துவிட்டார். ஜூலையிலிருந்து வாடகை ஆயிரத்து ஐந்நூறு ரிங்கிட்டாம். இப்போது கொடுப்பது எண்ணூற்று ஐம்பது. "நான் ஒன்னும் பேராசை பிடிச்சவன் இல்ல. சிங்கப்பூர்ல வேலை செய்யற பிள்ளைங்க தினமும் போன் போட்டு வீடு இருக்கா, வீடு இருக்கான்னு கேக்கறாங்க. நான் என்ன செய்ய?" என்கிறார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. இந்தப் பக்கம் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிகிறார்கள். கார் நிறுத்த இடமில்லாமல் எங்கள் மாடிக்குக் கீழே மோட்டார் சைக்கிள்கள் மூன்று வரிசையாக நிற்கின்றன.

நல்ல செய்தியும் இருக்கிறது. மாநில அரசாங்கத்தின் மலிவு விலை வீட்டுக்கு மூன்று வருடமாக மனுப் போட்டு வந்தோமே, இந்தத் தடவை எங்கள் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கட்டி முடித்த அடுக்குமாடி, இங்கிருந்து பத்து நிமிடம்தான். மாதத் தவணை இப்போதைய வாடகையைவிடக் குறைவு. இனி ஒரு போரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும், அவர்கள் பார்த்து முடிவு சொல்வார்கள், அவ்வளவுதான். இது கிடைத்தால் ஜூலைக்குள் போய்விடலாம். கிடைக்காவிட்டால் எங்கே போவோம் என்று நான் யோசிக்கவே பயப்படுகிறேன்.

போரத்தில் 'குடும்ப உறுப்பினர்' என்று ஒரு பெரிய கட்டம் இருக்கிறது. அதில் யாரை எழுதுவது என்று இவர், உங்கள் மாப்பிள்ளை, ஒரு வாரமாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள்தான் இந்த மாதிரிப் பெயர் எழுதுகிற வேலையில் பழகியவர். யோசனை சொல்லுங்கள்.

என் மகள் மெலிசா இந்த வருடம் பரீட்சை எழுதுகிறாள், செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
பேட்ரிசியா


பெக்கோக்,
25 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் அதன் இஷ்டப்படி இருக்கிறது, நான் அதன் இஷ்டப்படி இருக்கிறேன். எண்ணெய் தடவுகிறேன், கிருஷ்ணம்மா மேல் சத்தியம். மாப்பிள்ளையின் இரத்த அழுத்தம் எப்படி? மாத்திரையை மறக்காமல் போடச் சொல்.

உங்களுக்கு வீடு இல்லை என்கிறாய். எங்கள் வரிசையில் பதினாறு வீடு, அதில் ஐந்து வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. பிள்ளைகள் எல்லாம் உங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். என் வீட்டிலேயே இரண்டு அறை சும்மா கிடக்கிறது. பள்ளிக்கூட வாசலில் காவல் இருந்துவிட்டு வந்தால் பேச்சுத் துணைக்கு டிவிதான். வீடு இருக்கிற இடத்தில் வேலை இல்லை, வேலை இருக்கிற இடத்தில் வீடு இல்லை. இதை யார் சரிசெய்வார்கள் என்று தெரியவில்லை.

போரத்துக்கு யோசனை கேட்டாய். நான் தோட்டத்தில், நம் தீம்பாரில், பதினெட்டு வருடம் ஆட்களை வேலை வாங்கிய மண்டோராக இருந்தவன். விடியற்காலைப் பெரட்டில் தலை எண்ணி ஆள் எடுத்து, கணக்கு எழுதுகிற கிராணியிடம் பெயர்ப் பட்டியல் கொடுத்ததே நான்தான். தலைக்கணக்கைப் பார்த்துத்தான் லயத்தில் வீடு கொடுப்பார்கள். நாலு பேர் என்றால் ஒரு கதவு, ஏழு பேர் என்றால் இரண்டு கதவு. வேலைக்குப் போகிற கை எத்தனை என்றும் கேட்பார்கள், கை கூடினால் மரியாதையும் கூடும். அதனால் ஆளைக் குறைத்து எழுதிவிடாதே. உன் அடுப்பில் சாப்பிடுகிற அத்தனை பேரையும் எழுதச் சொல். மாப்பிள்ளையின் அக்காள் மகள் ரெஜினா, நான் அனுப்பி வைத்த கிருஷ்ணம்மா மகள் சங்கரி, ஜோஆன், எல்லாரையும். சம்பளத்தையும் மறைக்காமல் போடு. தவணை கட்டுவார்கள் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரும்.

ஜோஆன் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

அண்ணன்,
ஸ்டானிஸ்லாஸ்


மாசாய்,
14 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு எல்லாருக்கும் நன்றாக இருக்கிறது. மனசுதான் சரியில்லை. உங்களுக்கு இரவுக் காவலை மாற்றிப் பகல் வேலை கொடுத்தார்களா?

வீடு கிடைக்கவில்லை. நாங்கள் பணக்காரர்களாம்.

சிரிக்காதீர்கள். கடிதத்தில் 'குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது' என்று போட்டிருந்தது. லீவு போட்டு இரண்டு பேரும் வீடமைப்பு இலாகாவுக்கு ஓடினோம். கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண், நல்ல பிள்ளை. என்னைக் 'காக்' என்று அக்கா முறை வைத்துத்தான் கூப்பிட்டாள். எங்கள் போரத்தை எடுத்து விரித்துக் கணக்கு மெஷினைத் தட்டினாள். இவருடைய ஃபோர்க்லிஃப்ட் சம்பளம், என் சம்பளம், ரெஜினா, சங்கரி, அதற்கு மேல் ஜோஆனின் சிங்கப்பூர் வெள்ளியை நம் ரிங்கிட்டுக்கு மூன்றால் பெருக்கி வேறு இவர் எழுதியிருக்கிறார். தொகையைத் திருப்பி எங்களுக்குக் காட்டினாள். "காக், இந்தச் சம்பளத்துக்கு நீங்க மாடி வீடு வாங்கலாம் லா" என்று சிரித்தாள். இவர் முகம் செத்துப்போய்விட்டது.

"சேர்ந்துதான் இருக்கோம். ஆனா அவங்க சம்பளம் அவங்களுக்கு. நாங்க ஒரு காசு வாங்கறதில்ல" என்றேன். "சேர்ந்து இருந்தா ஒரே குடும்பம், எல்லா சம்பளமும் சேரும். தனிக் குடும்பம்னா அதுக்குப் பேப்பர் காட்டுங்க. ரெண்டுல ஒன்னு சொல்லுங்க, காக்" என்றாள். நியாயமாகத்தான் பேசினாள்.

மேல்முறையீடு செய்யலாம். மே எட்டாம் தேதி கடைசி நாள். ரெஜினாவும் சங்கரியும் தாங்கள் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல என்று ஆளுக்கொரு சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும். ஜோஆனுக்கு மட்டும் உங்கள் சத்தியம் வேண்டும், அண்ணா. அவள் உங்கள் பிள்ளை, அவள் குடும்பம் பெக்கோக்கில் இருக்கிறது என்று நீங்கள் எழுதி, இங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஏன் அவளுக்கு மட்டும் என்று கேட்காதீர்கள். சட்டம் அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது வருவீர்கள் என்று எழுதுங்கள்.

பேட்ரிசியா


பெக்கோக்,
22 மார்ச் 2025

பேட்ரிசியாவுக்கு,

நான் சுகம். பகல் வேலைதான்.

உன் அண்ணி இறந்தபோது ஜோஆனுக்குப் பன்னிரண்டு வயது. விடியுமுன் நான் பெரட்டுக்குப் போய்விட்டால் வீட்டில் அவள் தனியாகக் கிடப்பாள். நீதான் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாய். பதினொரு வருடம் ஆயிற்று. இப்போது அவள் உங்கள் குடும்பம் இல்லை என்று என்னைச் சத்தியம் செய்யச் சொல்கிறாய். வீடு கிடைப்பதற்காக அவளை என்னிடம் திருப்பி அனுப்புகிறாயா? அதைச் சொல்லிவிட்டுப் போ, தாங்கிக்கொள்கிறேன். அவளுக்குத் தெரியுமா, அதையும் சொல்.

காரணம் தெரியாமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

ஸ்டானிஸ்லாஸ்


மாசாய்,
30 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கேண்டீனில் வைத்துப் பிரித்தேன். அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுங்கள், என் மேல் உள்ள கோபத்தை வயிற்றில் காட்டாதீர்கள்.

அவளைத் திருப்பி அனுப்புவேனா? எப்படி உங்களுக்கு அப்படி நினைக்கத் தோன்றியது? நான் மறைத்தது வேறு விஷயம். மறைத்தது தப்புதான், இப்போது சொல்லிவிடுகிறேன்.

போரத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. ரெஜினாவுக்கு 'அக்காள் மகள்' என்று எழுதினார். சங்கரிக்கு 'ஊர்க்காரப் பிள்ளை' என்று எழுதினார். ஜோஆனுக்கு 'அனாக்' என்று எழுதிவிட்டார். மகள் என்று. யோசித்து எழுதவில்லை, அண்ணா. மெலிசாவுக்கு எழுதினார், அடுத்த வரியில் இவளுக்கும் அதையே எழுதினார். எனக்கே கவுண்டரில்தான் தெரியும்.

அந்தப் பெண் ஜோஆனின் ஐசி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "தகப்பன் பேரு ஸ்டானிஸ்லாஸ்னு இருக்கே, உங்க பேரு ரொனால்ட் தானே? வளர்ப்புப் பிள்ளையா? கோர்ட்டுப் பேப்பர் இருக்கா?" என்று கேட்டாள். நான்தான் "என் அண்ணன் மகள்" என்றேன். "அப்ப இது தப்பான தகவல். பெத்தவரே வந்து எழுதிக் கொடுத்தாத்தான் அழிக்க முடியும்" என்றாள்.

உங்களுக்கு இது எப்படி வலிக்கும் என்று தெரிந்ததால்தான் சொல்லாமல் விட்டேன். அவரைத் திட்டுவதானால் என்னைத் திட்டிவிட்டுப் போங்கள்.

பேட்ரிசியா


மாசாய்,
19 ஏப்ரல் 2025
பெரிய சனிக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன் எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் நன்றாக இருப்பதாகக் கிருஷ்ணம்மா அக்கா சங்கரியிடம் சொல்லியிருக்கிறார். அது போதும் என்று இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

நேற்று பெரிய வெள்ளி வழிபாடு முடிந்து வந்தால், மிஸ்டர் லிம் நாலு பையன்களை அழைத்து வந்து வாசலில் நிற்கிறார். வீடு பார்க்க. நாங்கள் குடியிருக்கும்போதே அறை அறையாகப் பார்த்தார்கள். ஒருவன் என் சமையல்கட்டில் நின்று கட்டிலை எங்கே போடலாம் என்று கையால் அளந்தான். மெலிசா அறைக்குள் உட்கார்ந்து அழுதாள்.

இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. கோபத்தையாவது எழுதுங்கள். உயிர்ப்பு ஞாயிறு வாழ்த்துகள்.

பேட்ரிசியா


மாசாய்,
27 ஏப்ரல் 2025

அன்பு அப்பாவுக்கு,

ஜோஆன். நான் கடிதம் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்கும் இது புதுசு, தமிழில் பிழை இருந்தால் சிரிக்காதீர்கள். நான் சுகமாக இருக்கிறேன். சாப்பிடுகிறேனா என்று ஒவ்வொரு கடிதத்திலும் அத்தையிடம் கேட்கிறீர்களாம். நன்றாகச் சாப்பிடுகிறேன், அப்பா. என்னிடமே கேட்கலாம்.

அத்தைக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். மாமா அந்தப் போரத்தை நிரப்பும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் 'அனாக்' என்று எழுதியதைப் பார்த்தேன். தப்பு என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அதனால் கோபப்படுவதானால் என் மேல் படுங்கள், அவர் மேல் வேண்டாம்.

நீங்களும் ஒன்று செய்திருக்கலாம், அப்பா. இந்தப் பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட "வீட்டுக்கு வா" என்று என்னிடம் சொன்னதில்லை. வருவீர்கள், வாசலிலேயே பேசுவீர்கள், படுக்க இடமில்லை என்று சாயங்கால பஸ்ஸில் போய்விடுவீர்கள். உங்களுக்கு நான் வேண்டாமோ என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை, ஆனால் ஒரு காலத்தில் நினைத்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இனி வீட்டு விஷயம். நான், ரெஜினா, சங்கரி மூன்று பேரும் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். அத்தை குடும்பம் புது வீட்டுக்குப் போகட்டும். இந்த வீட்டை நாங்கள் மூன்று பேரும் எங்கள் பெயரிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். எங்கள் சம்பளத்தால்தானே அவர்களுக்கு வீடு போனது, அந்தச் சம்பளத்தில் ஆயிரத்து ஐந்நூறு எங்களால் கட்ட முடியும். அப்போது நாங்கள் தனிக் குடும்பம் என்று சொல்வதும் பொய்யாக இருக்காது. நாங்கள் கேட்டபோது அத்தை, "ஊர் என்ன பேசும், பிள்ளைங்கள வெளிய தள்ளிட்டேன்னு சொல்வாங்க" என்று ஒரே அழுகை. ஆனால் மாமா சரி என்றுவிட்டார்.

மிஸ்டர் லிம்முக்கும் சம்மதம். "மூணு பொம்பளப் பிள்ளைங்க மட்டும்னா யோசனையா இருக்கு, பெரியவங்க ஒருத்தர் கையெழுத்துப் போடட்டும்" என்கிறார். மாமா போட்டால் இந்த வீடு அவருடையது என்று ஆகிவிடும், மேல்முறையீடு கெட்டுவிடும். நீங்கள்தான் போட வேண்டும். மே ஏழாம் தேதி எனக்கு ஓய்வு நாள். மூன்று மணிக்கு மிஸ்டர் லிம்மின் இரும்புச் சாமான் கடையில் இருப்பேன். வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்காது என்று எழுத நினைத்தேன். அது பொய். இருக்கும்.

உங்கள் மகள்,
ஜோஆன்


லார்க்கின் பஸ் நிலையம்,
7 மே 2025

அன்புத் தங்கச்சிக்கு,

பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. கடையில் ஒரு நோட்டு வாங்கி எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பெஞ்சைக் குற்றம் சொல். முழங்கால் இன்று வலிக்கவில்லை. வலித்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டேன்.

முதல் பஸ்ஸில் புறப்பட்டு நேரே வீடமைப்பு இலாகாவுக்குப் போனேன். நீ சொன்ன அதே பெண்தான் இருந்தாள். கையோடு உங்கள் ஃபைலை எடுத்துவிட்டாள். "பாக்சிக், இவ்வளவு நாள் எங்க போனீங்க?" என்று மாமா முறை வைத்துக் கேட்டாள். "தப்பு என் மேலதான். தீம்பார்ல ஆள் ஜாஸ்தின்னா ரெண்டு கதவு வீடு குடுப்பாங்க. அந்தப் புத்தியத் தங்கச்சிக்குச் சொல்லிக் குடுத்தவன் நான்" என்றேன். வாய்விட்டுச் சிரித்தாள். "இங்க ஆள் கூடக் கூட வீடு தூரமாப் போயிடும், பாக்சிக்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. உனக்கு இத்தனை அவதியைத் தேடிக் கொடுத்தது என் மண்டோர் மூளை என்று மார்ச் மாதமே தெரியும். அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுக்கொண்டுதான் உன் மேல் பாய்ந்தேன். மன்னித்துக்கொள்.

பக்கத்துக் கட்டடத்தில் சத்தியம் வாங்குகிறவரிடம் அனுப்பினாள். அங்கே எழுதியதை நானே சத்தமாக வாசிக்க வேண்டும். 'ஜோஆன் என் மகள். ரொனால்டின் மகள் அல்ல.' முதல் வரியை நன்றாக வாசித்தேன். இரண்டாவது வரியைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த ஆள் தண்ணீர் கொடுத்தார். பிறகு வாசித்து முடித்தேன்.

நீ கடிதம் எழுதியபோதெல்லாம் நான் பதில் எழுதாமல் இல்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். மாப்பிள்ளை எழுதிய அந்த ஒரு சொல் எனக்குக் கோபத்தைத் தரவில்லை, பேட்ரிசியா. பொறாமையாக இருந்தது. அவளை மகள் என்று நான் எங்கேயும் எழுதி எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்தேன். பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டிலும் கையெழுத்துப் போட்டது அவர்தான். உங்கள் வீட்டில் படுக்க இடமில்லை என்று நான் சொல்லி வந்தது பாதி உண்மை. சாயங்காலம் நீங்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. அதுதான் மீதிப் பாதி.

மூன்று மணிக்குக் கடைக்குப் போனேன். ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மிஸ்டர் லிம் "யார் இது?" என்று கேட்டார். "எங்கப்பா" என்றாள். கையெழுத்துப் போட்டேன். பிறகு இரண்டு பேரும் எதிர்க்கடையில் மீ கோரெங் சாப்பிட்டோம். காரம் அதிகம் என்று என் தட்டிலிருந்த மிளகாயை எல்லாம் எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். நிறையப் பேசினாள். நானும் பேசினேன். எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வா என்று சொன்னேன், அது பதினொரு வருடம் தாமதம் என்றும் சொன்னேன். மூன்று பிள்ளைகளும் ஒழுங்காகத்தான் இருப்பார்கள், நீ அழாதே. அவர்களை யாரும் வெளியே தள்ளவில்லை, அவர்களே வீடு பிடித்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளை வேலையில் இருப்பார் என்று வீட்டுக்கு வரவில்லை.

பஸ் வந்துவிட்டது.

அண்ணன்


மாசாய்,
21 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

புது முகவரியைக் கவரின் பின்னால் பெரிதாக எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா? ஐந்தாவது மாடி. லிஃப்ட் வேலை செய்கிறது, உங்கள் முழங்காலுக்குப் பயமில்லை.

போனில் எல்லாம் சொல்லிவிட்டேன் என்றாலும் எழுதினால்தான் எனக்கு நடந்தது மாதிரி இருக்கிறது. ஜூலை இரண்டாம் வாரம் அங்கீகாரக் கடிதம் வந்தது. அதில் 'குடும்ப உறுப்பினர் மூவர்' என்று போட்டிருந்தது. பிள்ளைகளின் ஒப்பந்தம் ஜூலை முதல் தேதி தொடங்கிவிட்டது, இரண்டு மாதம் நாங்கள்தான் அவர்கள் வீட்டில் விருந்தாளி. சங்கரி என்னிடமே வாடகை கேட்கப் போவதாக மிரட்டினாள். இந்த மாதத் தொடக்கத்தில் சாவி வாங்கினோம். மூன்று பெண்களும் லீவு போட்டுவிட்டு வந்து சாமான் தூக்கினார்கள். அலமாரியைத் திருப்ப முடியாமல் மாடிப்படியில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டோம்.

முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்து, மெலிசாவும் இவரும் கடைக்குப் போயிருந்த நேரம் குளிக்கப் போனேன். தாழ்ப்பாள் போட்டேன். தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். ஒருவரும் தட்டவில்லை. குளித்து முடித்த பிறகும் நின்றேன். அப்போதும் தட்டவில்லை. அழுகை வந்துவிட்டது, அண்ணா. ஒன்பது மாதம் தூக்கிச் சுமந்த பயம் எல்லாம் அந்தத் தண்ணீரோடு போயிற்று. இனி யாரும் என் சமையல்கட்டில் நின்று கட்டில் அளக்க முடியாது. இப்போது இராத்திரி படுத்தால் தூங்கிவிடுகிறேன். எனக்கு இவ்வளவு தூக்கம் இருந்ததே எனக்குத் தெரியாது.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் சத்தியப் பத்திரத்தின் நகல் எங்களுக்கும் வந்தது. ஒரு தடவை வாசித்தார். "சரியாத்தான் எழுதியிருக்காரு மச்சான்" என்று சொல்லி மடித்து வைத்தார். ஆனால் தினமும் வேலை முடிந்து வரும் வழியில் பழைய வீட்டுக்குப் போய்க் கேஸ் தொட்டியைப் பார்த்துவிட்டு, இரும்புக் கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். "மாமா, நேத்துதானே பாத்தீங்க" என்று ஜோஆன் கத்துகிறாள். கேட்பதில்லை.

வரும் ஞாயிறு ஃபாதர் வீடு மந்திரிக்க வருகிறார். நீங்கள் சனிக்கிழமையே வந்துவிடுங்கள். ஒரு அறை உங்களுக்கு. சாயங்கால பஸ் என்ற பேச்சே கூடாது.

பேட்ரிசியா


பெக்கோக்,
5 அக்டோபர் 2025

அன்புள்ள மாப்பிள்ளை ரொனால்ட் அவர்களுக்கு,

என்னிடமிருந்து உங்கள் பெயருக்கு வருகிற முதல் கடிதம் இது. பேட்ரிசியா பிரித்துவிடுவாள், பரவாயில்லை. பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா?

உங்கள் வீட்டில் இரண்டு இரவு தங்கினேன். காலையில் பால்கனியில் நாம் இரண்டு பேரும் கோப்பி குடித்தபோது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் லிஃப்டைப் பற்றிப் பேசினீர்கள். நானும் லிஃப்டைப் பற்றியே பேசினேன். ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகிறது. அதனால் எழுதுகிறேன்.

ஜோஆன் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்தபோது, விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்குப் பின்னாலேயே நீங்கள் மோட்டார் சைக்கிளில் எல்லை வரை எட்டு நாள் போனீர்களாம். மீ கோரெங் கடையில் சொன்னாள். தான் பார்ப்பது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஜன்னலிலிருந்து தினமும் பார்த்திருக்கிறாள். எட்டாவது நாள் நல்ல மழையாம். அன்றைக்கும் வந்தீர்களாம்.

அந்தப் போரத்தில் நீங்கள் எழுதிய ஒரு சொல் தப்பு என்று ஓர் அதிகாரிக்கு முன்னால் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தவன் நான். வீடு கிடைக்க அது வேண்டியிருந்தது, செய்தேன். நீங்களும் சரி என்று மடித்து வைத்துவிட்டீர்கள். ஆனால் நீங்கள் எழுதியது பொய் இல்லை, மாப்பிள்ளை. அவள் உங்களுக்கும் மகள்தான். என் கையால் இதை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வீடமைப்பு இலாகாவில் மட்டும் காட்டிவிடாதீர்கள்.

ஜோஆனின் இன்னொரு தகப்பன்,
ஸ்டானிஸ்லாஸ்